சட்டரில் ஒட்டிய இரண்டு கடதாசிகள்

தம்பி,

நீ வரைந்து அனுப்பின கடைப் படத்தை மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் ரெலிபோனில், பிறகு ஷர்மி பெரிய தாளில் எடுத்துத் தந்ததில் இரண்டு தரம். குளிர்ப்பெட்டியை வாசலுக்குக் கிட்டக் கொண்டு வந்தது சரி, அதை நான் பத்து வருசத்துக்கு முன்னமே செய்திருக்க வேண்டும். அரிசி மூட்டைகளை உள்ளே தள்ளினதும் சரி. அரிசிக்கு வருகிறவன் எப்படியும் உள்ளே வருவான். மெத்ரோவால் இறங்கித் தெருவில் போகிறவனை மறிக்கிறது வல்லாரையும் முருங்கைக்காயும்தான். இரண்டு இடத்தில் மட்டும் பேனையை வைத்து நிறுத்தினேன். ஒன்று, படத்தின் அடியில் நீ பிரெஞ்சில் எழுதியிருக்கிற வரி: கிழமையில் ஏழு நாளும் திறப்போம், ஓகஸ்டிலும் பூட்ட மாட்டோம். மற்றது கல்லா நிற்கிற இடம். கல்லாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்கும் ஷர்மிக்கும் கலியாணம். அது முடிந்து வருகிற மாதம் முதலாம் திகதி கடைப் பூட்டின் திறப்பை உன் கையில் தருவேன் என்று சொல்லியிருந்தேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன். பயப்படாதே, கடையை வேறு ஆருக்கும் கொடுக்கப் போவதில்லை. ஒரு நிபந்தனை இருக்கிறது, அதற்கு நீ சம்மதித்தால்தான் திறப்பு. மேசையில் எதிரே இருத்தி இதைச் சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்தவுடன் நீ "தாக்கோர் பப்பா, தாக்கோர்" என்பாய். சரி என்று சொல்கிற மாதிரித்தான் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் அதற்குக் கதையை முடி என்று அர்த்தம். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் இவ்வளவு நீளத்துக்குத் தாங்காது என்று தெரியும். ஷர்மி உன்னைவிட நன்றாக வாசிப்பாள். அவளையே சத்தமாக வாசிக்கச் சொல். அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன வருசம் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரு கடித உறை தந்தீர்கள். உள்ளே இரண்டு ரயில் ரிக்கற், ஹோட்டல் பதிந்த தாள், இன்னும் ஒரு கட்டுத் தாள். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் வரென்னா என்ற சின்னப் பட்டினம், ஓகஸ்டில் ஆறு நாள். அந்தக் கட்டுத் தாளில் ஒவ்வொரு நாளும் எந்தப் பாதையால் நடக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் பக்கத்துப் புடவைக்கடை மணியண்ணைக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார்.

"நடக்கவோ?"

"ஓம் அண்ணை, நடக்கத்தானாம்."

"பஸ் இல்லாத ஊரோ?"

"பஸ் இருக்குதாம். ஆனால் நடக்க வேணுமாம்."

"காசும் குடுத்து, நடக்கவும் வேணும். உன்ரை மகனுக்கு உன்னிலை என்னடா கோபம்?"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு உள்ளே குத்தியது. இருபத்தாறு வருசமாக அந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறேன். அதுவரை ஓகஸ்டில் நான் பூட்டினதே இல்லை. எதிரே பாண் சுடுகிற பிரெஞ்சுக்காரன் ஒவ்வொரு ஓகஸ்டும் மூன்று கிழமை பூட்டிக் கதவில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுப் போவான். அவனை ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எங்கள் ஆட்களின் கடைச் சட்டர் பகலில் கீழே கிடந்தால், அது செத்தவீடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடை விழுந்துவிட்டது என்று கதை போகும். செத்தவீடு என்றால் போட்டிக் கடைக்காரன்கூட மரியாதையாக நடப்பான், உன் வாடிக்கையாளரைப் பார்த்து "அவை வெள்ளிக்கிழமை திறந்திடுவினம்" என்று சொல்லி அனுப்புவான். வக்கான்ஸ், விடுமுறை என்று போனால் "வசதி வந்திட்டுது அவருக்கு" என்பான். வியாபாரியாக இதை நான் யோசித்தேன். யோசித்து, இரண்டு கடதாசி எழுதினேன். பிரெஞ்சில் ஒன்று, பாண்கடைக்காரன் எழுதுகிற அதே சொல்: வருடாந்த விடுமுறை. தமிழில் ஒன்று: "எமது குடும்பத்தில் ஏற்பட்ட இழப்பின் காரணமாகக் கடை எட்டு நாட்களுக்குப் பூட்டப்பட்டிருக்கும்."

அம்மா அதை வாசித்துப்போட்டுக் கையில் வைத்திருந்த மிளகாய்ப் பெட்டியை நிலத்தில் வைத்தா.

"இஞ்சேருங்கோ, இல்லாத சாவை எழுதாதேங்கோ."

"ஆற்றையும் பேர் போடேல்லையே."

"பேர் போடாட்டி சனம் தானே ஒரு பேர் போடும். திருத்த வேலை எண்டு எழுதுங்கோவன்."

"திருத்த வேலை எண்டால் ரெண்டாம் நாளே வந்து எட்டிப் பாப்பினம். உமக்கு வியாபாரம் விளங்காது வசந்தி, இரும்."

இருபத்தாறு வருசம் கல்லாவில் நின்ற மனுசிக்கு நான் சொன்ன வார்த்தை அது. அம்மா மிளகாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. நான் ஏணியில் ஏறி இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். வெள்ளைக்காரனுக்கு உண்மை, எங்கள் ஆட்களுக்குப் பொய்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். உனக்கு ஒன்பது வயசு. செப்டெம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து உன் வகுப்பு ரீச்சர் மதாம் என்னைக் கூப்பிட்டா. நான் கடைச் சட்டையோடு போனேன். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று வகுப்பில் எழுதச் சொன்னாவாம், நீ எழுதினதுதான் திறமாம். "உங்கள் ஏரி எங்கே இருக்கிறது, முசியூ?" என்று கேட்டா. முதலில் எனக்கு விளங்கவில்லை. கொப்பியை எடுத்துத் தந்தா. நானும் அப்பாவும் ஒவ்வொரு நாளும் ஏரியைச் சுற்றி நடந்தோம், அப்பாவுக்கு எல்லா மரத்தின் பெயரும் தெரியும் என்று எழுதியிருந்தாய். அந்த ஓகஸ்ட் முழுக்க நீ கடையில் அரிசி மூட்டைக்கு மேலே இருந்தாய். நான் மதாமுக்கு "தூரம், மிச்சம் தூரம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பொய் எழுதினதற்கு உனக்கு அடித்தேன். ஏன் எழுதினாய் என்று கேட்டதற்கு நீ சொன்னது: "எல்லாரும் எங்கையோ போனவை பப்பா." அதைக் கேட்டு இன்னொன்று அடித்தேன். அந்த இரண்டாவது அடிக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். முதல் அடிக்கும் சேர்த்துத்தான். நீ ஏன் எங்களுக்கு ஏரிக்கரையாகப் பார்த்துப் பதிந்தாய் என்று நான் கேட்கவில்லை. நீ அந்தக் கொப்பியை மறந்திருக்கலாம், ஷர்மி மலிவாகக் கிடைத்த இடத்தை எடுத்திருக்கலாம். ஆனால் ஏணியில் நின்று கடதாசி ஒட்டும்போது எனக்கு அது ஞாபகம் வந்தது. நீ போகாத இடத்துக்குப் போனேன் என்று எழுதினாய். நான் போகிற இடத்துக்குப் போகவில்லை என்று எழுதினேன். எனக்கு ஒருத்தரும் அடிக்கவில்லை.

வரென்னா நல்ல ஊர்தான். மிலானோவில் மாறி, சின்ன ரயிலில் ஏரியை ஒட்டியே போய் இறங்கினோம். எல்லாப் படியும் கல், எல்லாப் படியும் மேலே. அம்மா கொண்டு வந்த இரண்டாவது பெட்டியைத் தூக்கி ஏற்றினபோதுதான் அதற்குள் ரைஸ் குக்கர் இருக்கிறதென்று தெரிந்தது. முதல் நாள் ஊருக்கு மேலே இருக்கிற பழைய கோட்டைக்கு நடந்தோம். ஒரு பெரிய தண்ணீர், சுற்றி மலை, இங்கிருந்து அங்கே வெள்ளைப் படகுகள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நான் பார்த்தது சரிவில் நின்ற எலுமிச்சையை. அந்தக் கல்லுக்குள் எப்படித் தண்ணீர் கட்டுகிறான், பெட்டி என்ன விலைக்குப் போடுவான் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். அம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தா.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அம்மாவின் ரெலிபோன் அடித்தது. திரான்சியில் இருக்கிற மாமா, அம்மாவின் தம்பி. அந்த வருசம் மாசி மாதம்தான் அவனுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தது. எங்கள் கடைத்தெரு லா ஷப்பேல் முழுக்க அது தெரியும். நடக்கப் போகிற பயணம் நின்றுவிட்டது என்று நினைத்து, நான் தமிழில் எழுதின கடதாசிக்கு மணியண்ணை தானாக ஒரு பேர் போட்டுவிட்டார். சனம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா ரெலிபோனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினா.

"அக்கா, இஞ்சை எனக்கு ஒரு மாலை வந்திருக்கு. போட்டுக்கொண்டு நிக்கவோ, இல்லாட்டிப் படுக்கவோ?"

நான் சிரித்துவிட்டேன்.

"அத்தான் சிரிக்கிறாரோ? நல்லது. வெள்ளைச் சட்டையோடை நாலு பேர் வந்தவை. நான்தான் கதவைத் திறந்தனான். ஒரு கிழவர் என்னைக் கண்டிட்டுப் பின்னாலை போய்ப் படியிலை இருந்திட்டார். அவருக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான், என்ரை செத்தவீட்டுக்கு."

அவன் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னான். அவனுக்குப் பின்னால் மாமி அழுகிற சத்தமும் கேட்டது. அம்மாவுக்கு அதுதான் கேட்டது. "வைக்கிறன் தம்பி" என்று சொல்லி வைத்தா. என்னைப் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் வரை ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. லண்டன், ரொறன்ரோ, சென் தெனி. புடவைக்கடை மணியண்ணையின் மகள் பக்கத்தில் ஒட்டியிருந்த பிரெஞ்சுக் கடதாசியை வாசித்து, "அப்பா, இவை செத்தவீட்டுக்குப் போகேல்லை, வக்கான்ஸ் போட்டினம்" என்று சொன்ன பிறகுதான் அடங்கியது.

இவ்வளவும் உனக்குத் தெரியும். மாலைக் கதையை நீயே கலியாண வீடுகளில் மாமாவின் குரலில் சொல்லிச் சிரிக்க வைக்கிறாய். மூன்றாம் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. வந்த பிறகு "நல்ல இடம், கால் நோகுது" என்று மட்டும் சொன்னோம்.

மூன்றாம் நாள் வரென்னாவிலிருந்து பெல்லானோ என்ற அடுத்த ஊருக்கு மலைப் பாதையால் நடக்க வேண்டும், திரும்பி வருவது படகில். அம்மா ரெலிபோனை அறையில் வைத்துவிட்டு வந்தா. "இனி ஆரும் அழுறதை என்னாலை கேக்கேலாது" என்றா. அன்று காலையில் அம்மா என்னோடு கதைத்தது அது ஒன்றுதான். சாப்பாட்டுப் பையும் தண்ணீர்ப் போத்தலும் அம்மாவின் தோளில். நடக்கிற தாள் என் கையில்.

நான் எப்படி நடப்பேன் என்று உனக்குத் தெரியும். கடையிலிருந்து கார் து நோர் ரயில் ஸ்ரேசன் வரைக்கும் சாமான் வந்திருக்கிறதோ என்று பார்க்கப் போகிற நடை. அந்தப் பாதை ஒரு ஆளுக்குத்தான் அகலம், ஒரு பக்கம் கல் மதில், மற்றப் பக்கம் சரிவு. நான் முன்னால் போனேன். போய்க்கொண்டே கதைத்தேன். உன் கலியாணத்துக்கு ஆருக்கெல்லாம் கார்ட் வைப்பது, வாழைப்பொத்தி அனுப்புகிறவனை மாற்றுவதா இல்லையா, இப்படி. பின்னாலிருந்து மறுமொழி வரவில்லை. அது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. நான் கதைக்க அம்மா கேட்டுக்கொண்டு வருவது முப்பது வருசப் பழக்கம். தாகம் எடுத்த பிறகுதான் தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டு திரும்பினேன். பாதையில் ஒருத்தரும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றேன், வருவா என்று. வரவில்லை. "வசந்தி" என்று கூப்பிட்டேன். வெளியில் அப்படிச் சத்தமாக அம்மாவின் பெயரை நான் கூப்பிட்டதே இல்லை. மலையில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தேன், பிறகு ஓடினேன். ரெலிபோனை எடுத்து அம்மாவின் நம்பரை அடித்தேன். ஹோட்டல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அது அடித்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்துகொண்டே மூன்று தரம் அடித்தேன். அது ஏன் அறையில் கிடக்கிறது என்றும் தெரியும். சட்டரில் நான் ஒட்டின கடதாசியால் கிடக்கிறது.

நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. செவ்வாய்க்கிழமை கடை திறந்தவன். ஆனால் அந்தப் பாதையில் என் மண்டைக்குள் அந்த வரி மட்டும்தான் ஓடியது: எமது குடும்பத்தில் ஏற்பட்ட இழப்பின் காரணமாக. என் கையெழுத்து, கறுப்பு மை. இல்லாத சாவை எழுதாதேங்கோ என்று அம்மா சொன்னா. நான்தான் எழுதினேன்.

ஒரு சின்னத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. போகும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. அங்கே ஒரு இத்தாலி மனுசி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றா. அவவுக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்கு இத்தாலியன் தெரியாது. படத்தைக் காட்டுவோம் என்று ரெலிபோனைத் திறந்தேன். தம்பி, என் ரெலிபோனில் எத்தனை படம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மாம்பழப் பெட்டி, உடைந்து வந்த தேங்காய், லொறியின் நம்பர், குளிர்ப்பெட்டியின் டிகிரி. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். அந்த மனுசி பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றா. அம்மா இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பொங்கலுக்குக் கட்டித் தொங்கவிட்ட வாழைக்குலையைக் காட்ட எடுத்தது. குலைக்குப் பின்னால் கல்லாவில் அம்மாவின் பாதி முகம். அதைக் காட்டினேன். அந்த மனுசி கிட்ட வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினா. பிறகு கையை நீட்டி "ஜூ, ஜூ" என்று கீழே காட்டினா. அவ காட்டின பக்கம் நான் பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

உனக்கு அப்போது ரெலிபோன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. என்னவென்று சொல்வது? அம்மாவைக் காணவில்லை, எவ்வளவு நேரமாகக் காணவில்லை என்றும் தெரியாது என்றா? கேட்பாயே, கடைசியாக எப்ப பார்த்தனீங்கள் என்று.  புறப்படும்போது பார்த்தது.

பிறகுதான் மதிலுக்குப் பக்கத்தில் படிகள் கண்ணில் பட்டன. கல்லுப் படி, செங்குத்தாக ஏரி வரைக்கும். இறங்கினேன் என்று சொல்ல முடியாது, விழுந்து விழுந்து போனேன். கீழே பாக்குச் சைஸ் கூழாங்கல்லு நிறைந்த ஒரு சின்னக் கரை. அங்கே அம்மா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சாபிக் காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தா. மடியில் சாப்பாட்டுப் பொட்டலம் திறந்து கிடந்தது. ரொட்டியும் சம்பலும். பாதி முடிந்திருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. "என்னப்பா, தொலைஞ்சு போனீரோ?" என்று கேட்டேன்.

"ஆர், நானோ? நான் இஞ்சைதான் ஒண்டரை மணித்தியாலமா இருக்கிறன்."

"சொல்லாமல் வாறதோ?"

"சொன்னனான். மூண்டு தரம் கூப்பிட்டனான். கால் நோகுது, கீழை போய் இருப்பம் எண்டு. நீங்கள் வாழைப்பொத்தியோடை கதைச்சுக்கொண்டு போனியள்."

"கூப்பிட்டது கேக்கேல்லை."

"ஓம்," என்றா அம்மா. கோபமே இல்லாமல், விலை சொல்கிற மாதிரிச் சொன்னா. "அதுதான் எனக்கு விருப்பமான பாதையாலை இறங்கினனான்."

நான் கல்லில் இருந்தேன். மேலே நான் பயந்ததைச் சொன்னேன், அந்தக் கடதாசி மண்டைக்குள் ஓடினதையும் சொன்னேன். அம்மா தண்ணீருக்குள் காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தா. பிறகு, "ஆர் செத்தது எண்டு எல்லாரும் கேட்டவை. நான் என்ன சொன்னனான் தெரியுமோ?" என்றா.

"என்ன சொன்னீர்?"

"ஒருத்தரும் சாகேல்லை, இவருக்கு வெக்கம் எண்டு சொன்னனான்."

தம்பி, இவ்வளவு காலமும் சந்தையில் என்னை எத்தனை பேர் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறார்கள். இதுமாதிரி ஒருத்தரும் என்னைத் தராசில் வைத்துச் சரியாக நிறுத்ததில்லை. எனக்கு வெட்கம்தான். உழைத்தவன் என்ற பேர் போய்விடும் என்ற வெட்கம். மனுசியோடு நடக்கப் போனேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, மனுசியின் தம்பியைச் சாகடித்தேன். அங்கே வைத்தே அம்மாவிடம் பிழை என்று சொன்னேன். "திரான்சிக்குப் போய் மாமியிட்டைச் சொல்லுங்கோ" என்றா. வந்த மறுநாளே போய்ச் சொன்னேன், அதுவும் உனக்குத் தெரியாது.

பெல்லானோவுக்குப் போகவில்லை. வந்த பாதையாலேயே திரும்பினோம். இந்த முறை நான் "நீர் முன்னாலை நடவும்" என்றேன். அம்மா முன்னால் போனா, நான் பின்னால். அப்போதுதான் பார்த்தேன். அம்மா இடது காலை நேராக வைப்பதில்லை. குதியை நிலத்தில் படவிடாமல், பாதத்தின் வெளிப்பக்கத்தில் சாய்த்து வைத்து, இடுப்பை ஒரு பக்கம் தூக்கி நடக்கிறா. படி வந்தால் மதிலில் கை வைக்கிறா. சப்பாத்தின் இடது அடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

"எப்ப தொடக்கம் இந்தக் கால்?"

"உவன் பெடியன் பதினொரு வயசிலை கொலேஜ் போகத் தொடங்கின காலத்திலையிருந்து."

கணக்குப் பார்த்தேன். பதினாறு வருசம். ஒரே வீடு, ஒரே கடை, ஒரே மெத்ரோ. நான் எப்போதும் முன்னால் நடந்ததால் அம்மாவின் நடையை நான் கண்டதில்லை. மாங்காயைக் கையில் எடுக்காமலே உள்ளே பழுதென்று சொல்கிறவன் நான். வரென்னா வரைக்கும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முதல் தரமாக ஏரியையும் கொஞ்சம் பார்த்தேன். அம்மா நின்று பார்த்த இடங்களில் நானும் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பிக் கடைக்கு வந்தபோது சட்டருக்குக் கீழே வாடின பூக்கொத்து ஒன்று கிடந்தது. தமிழ்க் கடதாசியை நான் கிழித்தேன். அடுத்த இரண்டு மாதமும் கடைக்குள் வந்தவர்களில் பாதிப்பேர் "செத்த ஆள் சுகமோ அண்ணை?" என்று கேட்டுத்தான் மரக்கறி எடுத்தார்கள். மணியண்ணை இப்போதும் கேட்கிறார். கேட்கட்டும். ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை. எட்டு நாள் பூட்டினதில் நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தாறு ஓகஸ்ட்டை நான் சும்மா பயத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் உன் ஓகஸ்ட்டுகளும் இருக்கின்றன.

இப்போது கல்லாவுக்கு வருகிறேன். உன் படத்தில் கல்லா உயரமாக இருக்கிறது, நின்றுகொண்டு வேலை செய்கிற உயரம். பின்னால் ஒரு அடி இடம்தான் விட்டிருக்கிறாய். நீ என் கடையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாய், உன்னில் பிழை இல்லை. எங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் முதலில் ஒரு கதிரை இருந்தது. இரண்டாம் வருசம் அதை எடுத்துக் கீழ் அறையில் போட்டவன் நான். ஆள் கதிரையில் இருந்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்று சனம் நினைக்கும் என்று சொன்னேன். அன்று தொடக்கம் அம்மா நின்றா. உன் படத்தில் அந்த இடத்தில் ஷர்மியின் பேரை எழுதியிருக்கிறாய். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயசு, கால் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவின் காலும் அந்த வயசில் நன்றாகத்தான் இருந்தது. குதிக்காலுக்கு வைத்தியர் இப்போது சப்பாத்துக்குள் வைக்க ஒன்று கொடுத்திருக்கிறார். கொஞ்சம் குறைவு, முழுக்க மாறாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நிபந்தனை இதுதான். கல்லாவை உயரம் குறைத்துப் பதித்து, பின்னால் ஒரு நல்ல கதிரை போடு. முதுகுக்குச் சாய்வு உள்ளது. அந்தக் கதிரையில் ஷர்மி இருக்கிற நாளில் நீ நிற்க வேண்டும், நீ இருக்கிற நாளில் அவள் வெளியே போக வேண்டும். ஞாயிறு பின்னேரம் பூட்டு. ஓகஸ்டில் பதினைந்து நாள் பூட்டு. அந்தப் பதினைந்து நாளும் எங்கே போவதென்று நீ முடிவு எடுக்காதே, அவளிடம் கேள். பாதை அகலமாக இருந்தால் பக்கத்தில் நட. ஒடுங்கினால் அவளை முன்னால் விடு. அவள் நிற்கிற இடத்தில் நில். நீ கதைத்து மறுமொழி வராவிட்டால் உடனே திரும்பிப் பார். இதற்கு மேலே கலியாணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்தால் இதை வாசித்துக்கொண்டிருக்கிற ஷர்மிக்குச் சிரிப்பு வரும். அம்மா ஏற்கனவே அவளுக்கு முழுக்கச் சொல்லியிருப்பா.

கையில் எடுத்து ஒரு மாதமான கடையில் பதினைந்து நாள் பூட்டுவதா என்று நீ யோசிப்பாய். கடை கைமாறின புதுசு, புது ஆள், சனம் என்ன சொல்லும் என்று. சொல்லும். அதற்குத்தான் இந்தக் கடிதத்தோடு ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். தமிழில் நான் எழுதிவிட்டேன், உன் தமிழ் எழுத்தை நம்பி விட முடியாது. பிரெஞ்சில் நீ எழுது. இரண்டிலும் ஒரே விசயம் இருக்க வேண்டும், நான் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்ப்பேன். இரண்டையும் ஒரு மாதம் முந்தியே, திறப்புத் தருகிற அன்றைக்கு, நீயே ஏணியில் ஏறிச் சட்டரில் ஒட்டு. உனக்கு ஏணி பிடித்துக்கொண்டு நான் கீழே நிற்பேன். நீ இறங்கி வந்தவுடன் திறப்பு உன் கையில். ஒட்டப் போகிற கடதாசி இதுதான்:

"ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து பதினைந்தாம் திகதி வரை கடை பூட்டு. நடக்கப் போகிறோம். ஒருத்தரும் சாகவில்லை, எல்லாரும் சுகம்."

அப்பா